சவுதிப் பணமா, பாம்பன் பொழுதா?

என் பெரியண்ணன் சவுதியில் மீன்பிடிக்கிறார். சின்னண்ணன் பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். தொழில் ஒன்றுதான். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் பொழுது. இரண்டில் எது பெரிது என்ற பேச்சு எழாமல் எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகையும் முடிந்ததில்லை.

பெரியண்ணன் போய் 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. ஐந்து முறை வந்திருக்கிறார். ஆக, வீட்டில் இருந்தது பத்தே மாதம். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடு கட்டினோம், தங்கைக்குக் கல்யாணம் செய்தோம். அதை மறந்து பேசினால் நாக்கு அழுகும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மகளுக்கு அவர் வாங்கிவரும் செருப்பு அவளுக்குச் சேர்வதில்லை. போன விடுப்பில் பார்த்த காலுக்கு ஒரு விரல் கூட்டி வாங்குகிறார். அவளோ இரண்டு விரல் வளர்ந்திருக்கிறாள். மதினி ஒன்றும் பேசாமல் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்.

சின்னண்ணன் விடியுமுன் போய், பத்து மணிவாக்கில் கரை திரும்புவார். பிறகு பூவரச நிழலில் கிழிந்த வலையைப் பொத்துவார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். சில நாள் டீசல் காசுகூடத் தேறாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் போகவே முடியாது.

விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும் நாள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கை நிறைய நேரம் இருக்கும், அடுப்பெரிய அரசின் நிவாரணம் 8,000 ரூபாய் இருக்கும். அதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடல்பாசி எடுக்கும், பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி திரும்ப வளர வேண்டுமே. மிச்ச 18 நாளும் ஓய்வா என்றால், குடத்தோடு தண்ணீருக்கு நிற்கும் அவர்களைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

என் முடிவு பொழுதின் பக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆறு ஆண்டுக்கு முன்புவரை சின்னண்ணன் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பிடித்த மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். காய்ச்சலானாலும், வானம் கறுத்திருந்தாலும் படகை இறக்கியே ஆக வேண்டும். அன்றைக்கு அவருடைய பொழுது அவருடையதாக இல்லை. பெரியண்ணன் பணம் அனுப்பி அந்தக் கடனைத் தீர்த்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை படகைக் கட்டிப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கினார். தம்பியின் ஞாயிறுகளை அண்ணன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தனக்கென்று ஒன்றுகூட வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது எங்களுக்குக் கடன் இல்லை. மாடி எடுக்க வேண்டும், அதற்காக இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறேன் என்கிறார் பெரியண்ணன். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மாடி வேண்டாம், வந்துவிடுங்கள் என்று நேற்றிரவும் சொன்னேன். மகளின் கால் அளவைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.