காதா, மொழியா? கேம்பிரிட்ஜ் பி1 பள்ளி மாதிரித் தாள்: பர்மா டியூஷன் வகுப்புகளுக்கு ஒரு மதிப்புரை

பர்மாவின் மெட்ரிக் ஆங்கிலத் தாளில் காதுக்கு வேலையே இல்லை. எல்லாம் எழுத்து. அதனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதால் கேட்டு எவ்வளவு புரிகிறது என்பதைப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. வாசிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். பாடப் பத்தியை நெட்டுருப் போட்ட பிள்ளையும் புரிந்து படித்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து மதிப்பெண் வாங்குவது நடக்கிற காரியம். ரங்கூனிலும் மோல்மீனிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறவர்கள் இந்த இடைவெளியை அளந்து பார்க்க நாங்கள் முதலில் பரிந்துரைப்பது, கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி ஃபார் ஸ்கூல்ஸ் தேர்வின் மாதிரித் தாள். பழைய ஆட்கள் ‘பெட்’ என்று சொல்வார்களே, அதுதான். மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவில் ஏ2 இரண்டாம் படி, பி1 மூன்றாம் படி, பி2 நான்காம் படி. பணம் கட்டித் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்குவது வேறு விஷயம். இங்கே பேசுவது மாதிரித் தாளை வகுப்புக்குள் அளவுகோலாக வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டும்.

தாளும் விடைகளும் ஒலிக்கோப்பும் அந்த ஒலியின் எழுத்து வடிவமும் கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அந்த எழுத்து வடிவத்தைப் பலர் அச்சடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இந்தத் தாளில் மிகவும் பயன்படுகிற பொருளே அதுதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

வாசிப்புத் தாளுக்கு 45 நிமிடம், 6 பகுதி, 32 கேள்வி. முதல் பகுதியில் அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி போன்ற ஐந்து சின்ன உரைகள். இரண்டாவதில் ஐந்து பேரின் தேவைகளை எட்டு உரைகளோடு பொருத்த வேண்டும். பிறகு ஒரு நீண்ட கட்டுரையும், வாக்கியங்கள் உருவப்பட்ட இன்னொரு கட்டுரையும். கடைசி இரண்டும் கோடிட்ட இடம் நிரப்புவது. கேட்டல் தாளுக்கு ஏறத்தாழ 30 நிமிடம், 4 பகுதி, 25 கேள்வி. முதலில் மூன்று படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 7 கேள்வி, அடுத்து சிறு உரையாடல்களில் 6, குறிப்பு நிரப்புவது 6, கடைசியில் ஒரு பேட்டியைக் கேட்டு 6. ஒவ்வொரு ஒலிப்பதிவும் இரண்டு தடவை வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கான இன்னொரு ஆங்கிலத் தேர்வான டோஃபல் ஜூனியரில் ஒரே தடவைதான் என்பதை வைத்துப் பார்த்தால், இது பழக்கமில்லாத காதுக்கு நியாயமான ஏற்பாடு.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது? பயிற்சித் தாளுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் கணக்குப்படி, வாசிப்பில் 32க்கு 23, கேட்டலில் 25க்கு 18 எடுத்தால் பி1 நிலை. 29உம் 23உம் எடுத்தால் அதற்கு மேலே பி2. வாசிப்பில் 13, கேட்டலில் 11 என்பது ஏ2 நிலையின் தொடக்கம். இதற்குக் கீழே போனால் அந்தப் பிள்ளைக்கு இந்தத் தாள் கனம் என்று பொருள். ஏ2 கீ ஃபார் ஸ்கூல்ஸ் தாளுக்கு இறங்கிவிடுங்கள். கேட்டலில் 19 கேள்விகளுக்கு மூன்று மூன்று விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 6 சரியாகிவிடும். ஆகையால் 7 மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் ‘கொஞ்சமாவது புரிந்திருக்கிறது’ என்று தேற்றிக்கொள்ள இடமில்லை. வாசிப்பிலும் 5, 6 மதிப்பெண் இப்படிச் சும்மா வந்து சேரும்.

இந்தத் தாளை நாங்கள் உயர்த்திப் பிடிப்பதற்குக் காரணம் அதன் தவறான விடைகள். ஒவ்வொன்றும் யோசித்து வைக்கப்பட்டது. அதே பாணியில் நாங்களே அமைத்த ஒரு கேட்டல் கேள்வியைப் பாருங்கள். படங்கள் மூன்று: குடை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ். பையன் மலையேறப் போகும்போது எதைக் கொண்டுபோவான் என்பது கேள்வி. ஒலியில் வருவது இது: அம்மா குடையை எடுத்து வைத்திருந்தாள், ஆனால் அதன் கம்பி உடைந்திருக்கிறது, அப்பாவின் மழைக்கோட்டை வாங்கிக்கொள்ளலாம், நல்லவேளை பாதையில் சேறில்லை, பூட்ஸ் சுமக்க வேண்டாம். மூன்று பொருளின் பெயரும் காதில் விழுகிறது. குடையைக் குறித்த பிள்ளை முதலில் பிடிபட்ட சொல்லோடு நின்றுவிட்டது, ‘ஆனால்’ என்று வந்த திருப்பம் அதற்குக் கேட்கவில்லை. பூட்ஸைக் குறித்த பிள்ளை கடைசிவரை கேட்டிருக்கிறது, ‘வேண்டாம்’ என்ற மறுப்பைத்தான் தவறவிட்டது. இரண்டுக்கும் ஒரே சுழி போட்டு மேலே போய்விட்டால் சோதனை நடத்தியதே வீண். எனவே திருத்தும்போது சரி, தப்பு என்று மட்டும் போடாமல், எந்தப் பிள்ளை எந்த எழுத்தைக் குறித்தது என்று ஒரு கட்டத்தாளில் ஏற்றுங்கள். இருபது பேரில் பன்னிரண்டு பேர் ஒரே தவறான விடையில் போய் விழுந்திருந்தால் அங்கே பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. தவறுகள் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் அது குருட்டாம்போக்கு.

இனி அந்த எழுத்து வடிவத்துக்கு வருவோம். கேட்டல் தாளைத் திருத்தியபின் எது சரியான விடை என்று சொல்லாதீர்கள். மறுநாள் ஒலியின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, தவறான கேள்விகளை மட்டும் வேறு நிற மையில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் 12 எடுத்த பிள்ளை மறுநாள் 20க்கு ஏறினால் அதற்கு மொழி தெரியும், காதுதான் பழகவில்லை. தினம் பத்து நிமிடம் கேட்க வைத்தால் தேறும். 12 வெறும் 14 ஆனால், கண்ணால் படித்தும் புரியவில்லை என்றாகிறது. அந்தப் பிள்ளையை ஒலிப்பதிவின் முன் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தாலும் பயனில்லை, அதற்குச் சொல்லும் இலக்கணமும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் டியூஷன் வகுப்புகளில் நாம் அதிகம் பார்க்கிற தவறு.

காது பழகாததற்கு இங்கே ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழியிலேயே வளர்கிறார்கள். பர்மியச் சொல்லசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் முடிவில் மூக்கொலி வரும், அல்லது தொண்டை டக்கென்று அடைக்கும். ‘ட்’, ‘ஸ்’ என்று மெய் தெளிவாக நிற்பதில்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லின் வால் அவர்கள் காதில் நழுவிப் போகிறது. ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டையும் கடைசி ‘ட்’டை வைத்துப் பிரிக்கப் பார்த்துத் தோற்கிறார்கள். இங்கேதான் தமிழ் கை கொடுக்கும். ஒலிப்பதிவில் பெரும்பாலும் வருவது பிரிட்டிஷ் உச்சரிப்பு. அதில் மறுப்புச் சொல்லுக்கு நெடில், ‘கான்ட்’. உடன்பாட்டுச் சொல் வாக்கியத்துக்கு நடுவே ‘க்ன்’ என்று குறுகிப் போகும். வாலை விட்டுவிட்டு நெடிலைக் கேள் என்று சொல்லிப் பாருங்கள், குறிலும் நெடிலும் தெரிந்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பமும் இதே வழியில் தெளியும். விலை, நேரம், பேருந்து எண் வரும் கேள்விகளில் இந்த ஒன்றே இரண்டு மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

வாசிப்பில் சிக்கல் வேறு இடத்தில். தமிழிலும் பர்மிய மொழியிலும் வினை கடைசியில் வரும், பெயரை விவரிக்கும் தொடர் பெயருக்கு முன்னால் வரும். ‘டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஆள் பந்து ஆடுகிறார்’ என்னும்போது ஆடுகிற ஆள் வினைக்கு அருகில் நிற்கிறார். ஆங்கிலத்தில் ‘த மேன் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டு த டீச்சர் ப்ளேஸ் ஃபுட்பால்’ என்று வரும்போது வினையை ஒட்டி நிற்பது டீச்சர். கேட்டால் பாதிப் பிள்ளைகள் டீச்சர்தான் பந்து ஆடுகிறார் என்பார்கள். மூன்றாம் பகுதியின் நீண்ட கட்டுரையில் சறுக்கல் பெரும்பாலும் இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான். முதல் பகுதி அறிவிப்புகளில் ஆளைக் கவிழ்ப்பது ‘அன்லெஸ்’. நூல்களை வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும், ‘அன்லெஸ்’ புதுப்பித்திருந்தால் தவிர என்று அறிவிப்பு சொல்லும். ‘எல்லாரும் வெள்ளிக்குள் திருப்ப வேண்டும்’ என்ற விடை பக்கத்திலேயே காத்திருக்கும்.

இரண்டாம் பகுதி நேரத்தை விழுங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் சாதாரணமாக மூன்று தேவை இருக்கும்: சனிக்கிழமை வகுப்பு, தம்பியையும் சேர்க்க வேண்டும், கூரைக்குள் நடக்க வேண்டும் என்பது போல. பொறி வைத்த உரைகள் இரண்டு தேவையை நிறைவேற்றி மூன்றாவதில் கையை விரிக்கும். பிள்ளைகள் எட்டு உரைகளையும் முழுதாகப் படித்துவிட்டு ஆளைத் தேடுகிறார்கள், கால் மணி நேரம் போய்விடுகிறது. முதலில் ஆளைப் படித்து மூன்று தேவையையும் கோடிட்டு, பிறகு உரைகளில் தேடினால் பத்து நிமிடத்துக்குள் முடியும்.

இந்தத் தாளின் மேல் எங்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. வாசிப்பின் ஆறாம் பகுதியில் தேர்ந்தெடுக்க விடைகள் தரப்படுவதில்லை, கோடிட்ட ஆறு இடங்களில் ஒவ்வொரு சொல்லைப் பிள்ளையே எழுத வேண்டும், எழுத்துப்பிழையும் கூடாது. அங்கே கேட்பதெல்லாம் ‘த’, ‘அ’, ‘டு’, ‘ஹேவ்’ மாதிரிச் சில்லறைச் சொற்கள். தமிழிலோ பர்மிய மொழியிலோ ஆங்கிலத்தின் ‘த’வுக்கு நேரான ஒன்று கிடையாது. கட்டுரையை நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகூட இதில் நாலைந்து மதிப்பெண் இழந்து, வாசிப்பே வராத பிள்ளைபோலத் தெரியும். ஆகவே முதல் நான்கு பகுதிகளின் 20 மதிப்பெண்ணைத் தனியாகவும் கடைசி இரண்டின் 12ஐத் தனியாகவும் எழுதி வையுங்கள். முதல் எண் வாசிப்பு, இரண்டாவது சொல்லும் இலக்கணமும். 17உம் 4உம் எடுத்த பிள்ளையும் 11உம் 10உம் எடுத்த பிள்ளையும் மொத்தத்தில் ஒன்றுதான், இருவரும் 21. நடத்த வேண்டிய பாடம் முற்றிலும் வேறு.

நடத்தும் விதத்துக்குச் சில வார்த்தைகள். ஆசிரியர் தாமே எழுத்து வடிவத்தைப் படித்துக் காட்டவே கூடாது. நம் வாய் சிக்கலான இடத்தில் தானாக நிதானிக்கும், விடையை அழுத்திச் சொல்லும். ஒலியை நடுவில் நிறுத்தவும் கூடாது. திரும்ப வருவது, யோசிக்க இடைவெளி, எல்லாம் பதிவிலேயே இருக்கிறது. கைப்பேசியின் ஒலி ஐந்து பேருக்குத்தான் போதும். புளூடூத் ஸ்பீக்கரில் இன்னொரு தொல்லை: சும்மா இருக்கும்போது தூங்கிவிடும், மறுபடி ஒலி வரும்போது முதல் அரைச் சொல்லைத் தின்றுவிடும். கம்பி போட்டு இணையுங்கள். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் எடுத்த கேட்டல் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்த கையோடு சோதிக்கலாம் என்று தோன்றும், ஆனால் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது எந்தக் காதும் தோற்கும். நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள குளிர்காலம் நல்லது. தேர்வைக் காகிதத்தில் எழுதும்போது, கேட்டல் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றக் கடைசியில் 6 நிமிடம் உண்டு, அதையும் கொடுத்துப் பழக்குங்கள்.

அச்சடிக்க முடியாமல் ரங்கூன் பான்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறவர்கள் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். 2020 ஜனவரியில் தேர்வின் அமைப்பு மாறிவிட்டது. புத்தகத்தைப் புரட்டி, வாசிப்பில் சரியா தவறா என்று கேட்கும் 10 வாக்கியங்கள் இருந்தால் அது பழைய அமைப்பு. படித்துப் பழகலாம், மேலே சொன்ன மதிப்பெண் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஜெராக்ஸ் பிரதி என்றால் கேட்டல் முதல் பகுதிப் படங்களைப் பாருங்கள். கடிகாரப் படத்தில் சின்ன முள் மங்கிப் போயிருந்தால் பிள்ளைக்குக் காது எவ்வளவு கூர்மையானாலும் விடை கிடைக்காது. ஒரு தாளைச் செய்த பிள்ளைக்கு அதே தாளை மறுபடி கொடுத்து முன்னேற்றம் பார்க்காதீர்கள். இரண்டாவது மாதிரித் தாளை முதலிலேயே எடுத்து, யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்து, மூன்று மாதம் கழித்து வெளியே எடுங்கள்.