பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு: ஒரு ஃபேன் புராணம்

கேம் ஆடும்போது இந்தக் கார்டின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆடாதபோதுதான் சண்டை.

என் கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ7-4790 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்3 ரேம். அதில் கிடந்த 2 ஜிபி மெமரி கார்டைக் கழற்றிவிட்டு 8 ஜிபி கார்டு ஒன்றை மாட்டினேன். மின்சாரத்துக்கு ஒரே ஒரு 8 பின் ஒயர் கேட்கும் ரகம், போர்டோடு தரவைப் பரிமாற எட்டு லேன் (பாதை). கம்பெனி பெயர் வேண்டாம், திட்டப் போகிறேன்.

இப்போது வரும் பல கார்டுகளைப் போல இதிலும் சூடு ஏறும்வரை ஃபேன் சுற்றாது. சத்தமே வராது என்று பெட்டியிலேயே பெருமை பீற்றியிருந்தார்கள். என்னுடையதில் 60 டிகிரியைத் தொட்டதும் ஃபேன் கிளம்பும், 50க்கு இறங்கியதும் நின்றுவிடும். பிரவுசரில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். விர்ர்ர்! கொஞ்ச நேரம் சுற்றும். நிற்கும். அப்பாடா என்று அடுத்த பத்திக்குப் போனால் மறுபடி விர்ர்ர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி நம் தோளில் விழுவதும், திடுக்கிட்டு நிமிர்வதும், திரும்பச் சரிவதுமாக வருவாரே, அந்த எரிச்சல். நின்றுபோன மோட்டாரைக் கிளப்ப, ஓடுகிற மோட்டாரை ஓட்டுவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் ஓர் உதறல். கேம் ஓடும்போது இதே ஃபேன் இன்னும் வேகமாகத்தான் சுற்றுகிறது. அது காதில் விழுவதே இல்லை.

சும்மா இருக்கிற கார்டுக்கு எதற்கு இவ்வளவு சூடு? மானிட்டரை 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 தடவை படம் புதுப்பிக்கும்படி வைத்தால், டெஸ்க்டாப்பில் ஒன்றுமே நடக்காதபோதும் கார்டின் மெமரி ஓடும் வேகம் (மெமரி கிளாக்) உச்சத்திலேயே நிற்கிறது. 60க்கு இறக்கினால் கிளாக்கும் இறங்குகிறது, சூடும் இறங்குகிறது. ஆனால் 144க்குப் பழகிய கண்ணுக்கு மவுஸ் பாயிண்டரே திக்கித் திக்கி நகர்கிற மாதிரி இருக்கிறது. கேபினெட்டும் பழசு, பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன். கார்டு கக்கும் சூடு வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றி வருகிறது.

மருந்து இருக்கிறது. கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, ஃபேன் எப்போதும் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி சூட்டுக்கேற்ற வேகத்தைக் காட்டும் வளைகோட்டை மாற்றினால் மெல்லிய ஒரே சீரான இரைச்சலோடு நிம்மதி. டிரைவர் அப்டேட் வரும்வரை. அது வந்தால் எல்லாம் பழையபடி, நானும் மறுபடி முதலிலிருந்து. ஃபேனை நிற்கவிடாமல் வைக்கும் ஒரு சின்ன பொத்தானைக் கார்டிலேயே வைத்துத் தொலைத்தால் என்ன?

சரி, கோபத்தை ஒதுக்கிவிட்டு நியாயமாகப் பேசுவோம். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இதில் உண்டு. 4790க்கு நாலு கோர்தான். கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் பிராசஸர் மூச்சு வாங்கும்போது கார்டு பாதி வேலையோடு வேடிக்கை பார்க்கிறது. அப்போது செட்டிங்ஸை மீடியத்திலிருந்து அல்ட்ராவுக்கு ஏற்றினாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) அசைவதில்லை! டெக்ஸ்சர், நிழல் எல்லாவற்றையும் மனசாட்சியே இல்லாமல் ஏற்றி வைத்திருக்கிறேன். கூட்டத்தின் அளவு, பார்வைத் தூரம் போன்றவற்றை மட்டும் குறைத்துவிட வேண்டும், அவை பிராசஸரின் தலையில் விழுபவை. 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டிவிட்டால் திக்கலும் பெரும்பாலும் அடங்குகிறது. பூட்டாமல் விட்டால் சராசரி எண் அழகாகத்தான் தெரியும், திரும்பும் ஒவ்வொரு தெருமுனையிலும் படம் இழுக்கும்.

பழைய போர்டில் கார்டு செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0 ரகம். எட்டு லேனில் நொடிக்கு ஏறக்குறைய 7.9 ஜிபி போகும். 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நாலு லேனும் 4 ஜிபியும் உள்ள கார்டு என்றால் கதை வேறு. மெமரி வழிந்து, மிச்சத்தை ரேமிலிருந்து அந்தச் சந்து வழியாக இழுக்க வேண்டிவரும். பழைய போர்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் தரும் பெட்டி) 8 பின் ஒயர் இல்லையென்றால், பழைய நாலு பின் மோலெக்ஸ் ஒயரிலிருந்து மாற்றித் தரும் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றவும் வேண்டாம்.

இதையெல்லாம் எழுத வைத்தவன் என் நண்பன். "மச்சான், உன் கார்டு விலை இறங்கிடுச்சுடா, எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். அவனிடம் இருப்பது ஐ7-3770. என்னுடையதற்கு ஒரு தலைமுறை முந்தியதுதான், ஆனால் அந்த ஒரு தலைமுறையில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இன்டெலின் நாலாம் தலைமுறையில்தான், அதாவது என்னுடையதில்தான் வந்தன. அவை இல்லாத பிராசஸரில் சில புது கேம்கள் திறக்கவே மறுக்கும், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் சரி. போதாக்குறைக்கு விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் அவன் பிராசஸரும் இல்லை, என்னுடையதும் இல்லை.

ஆகவே மச்சான், எடுக்காதே. காசைச் சேர்த்துவைத்து போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் முதலில் மாற்று. இந்தப் பத்தியை அடிக்கும்போதே ஃபேன் இரண்டு தடவை உதறிவிட்டது, அந்தக் கடுப்பும் இதில் சேர்த்தி. "அப்போ உன்னோடதைக் குடுத்துரு"ன்னு மட்டும் கேட்காதே, தர மாட்டேன்.