திருகு பின்னா, நட் போட்ட பின்னா: தொங்கியே கிடக்கும் ஷெக்கிளுக்கு எது நல்லது?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் போய் ஷெக்கிள் என்று மட்டும் கேட்டால் லொறி ஸ்பிரிங் ஷெக்கிளைத்தான் எடுத்து வைப்பார்கள். சங்கிலி, கயிறு, பெல்ட் இணைக்கிற, பாரம் தூக்குகிற ஷெக்கிள் வேண்டுமென்றால் புறக்கோட்டைக்குப் போய் பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் கேட்க வேண்டும். இது U வடிவ இரும்பு. இரு நுனிகளிலும் துளையிட்ட காதுகள், அவற்றின் குறுக்கே போய் வாயை மூடுவது பின். அங்கே பெரும்பாலும் கையில் தருவது திருகு பின் வகை. பின்னின் நுனியில் புரி இருக்கும், எதிர்க் காதில் திருகினால் வேலை முடிந்தது. மற்ற வகையில் நீளமான போல்ட் இரண்டு காதுகளையும் ஊடுருவி வெளியே வரும். அதில் நட் ஏறும், நட்டுக்கு வெளியே ஸ்பிலிட் பின், அதாவது கால்களை மடித்துவிடும் இரட்டைக் கம்பி ஊசி, குத்தப்படும். இதைக் கேட்டு வாங்க வேண்டும், விலையும் கூட.

தினமும் போட்டுக் கழற்றுகிற வேலைக்குத் திருகு பின். ஒருமுறை மாட்டி மாதக்கணக்கில் விடுகிற எதற்கும் நட் போட்ட வகை. நான் நிரந்தர வேலைகளை எல்லாம் இரண்டாவதற்கு மாற்றிவிட்டேன், அந்தப் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

பலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நல்ல தயாரிப்பாளரின் கார்பன் ஸ்டீல் ஷெக்கிளில் உடலின் தடிப்பு 1/2 அங்குலம் என்றால் தாங்கு பாரம் 2 டொன், 5/8 அங்குலம் 3.25 டொன், 3/4 அங்குலம் 4.75 டொன். பின் எந்த வகையானாலும் இதுதான் கணக்கு. வடிவத்தைப் பற்றியும் அதிகம் யோசிக்க வேண்டாம். நேராக ஒரே இழுவை என்றால் D, இரண்டு பெல்ட் விரிந்து வந்து சேருகிற இடம் என்றால் அகன்ற வளைவு.

முடிவைத் தீர்மானிப்பது பின் கழலுமா என்ற ஒரே கேள்வி.

திருகு பின் ஏன் கழல்கிறது? பின்னின் மேல் கயிறோ சங்கிலியோ உரசி அசையும்போது அது பின்னையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். ஒரு பக்கம் சுழன்றால் இறுகும், மறுபக்கம் சுழன்றால் தளரும். இறுகும் பக்கம் பின்னின் தோள், அதாவது தலைக்குக் கீழுள்ள தடித்த விளிம்பு, காதில் முட்டி நின்றுவிடும். தளரும் பக்கம் தடுக்க ஒன்றுமே இல்லை. ஆகவே முன்னும் பின்னும் ஆடுகிற எதிலும், எவ்வளவு இறுக்கி விட்டாலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும் திசைக்கே போகும். முகத்துவாரத்திலோ டிக்கோவிட்டவிலோ கட்டிக் கிடக்கும் படகு இரவு முழுக்கச் செய்வது இந்த ஆட்டம்தான். தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அலை ஓய்வே கொடுக்காது. வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனியில் தொங்கும் ஊஞ்சலுக்கும் இதே கதை. அங்கே ஆட்டுவது அலை இல்லை, பிள்ளைகள்.

“கம்பியால் கட்டினால் போதுமே” என்பார்கள். சரிதான், கட்ட வேண்டும். பின்னின் தலையிலுள்ள துளை வழியே கம்பியை விட்டு, ஷெக்கிளின் காலைச் சுற்றி இரண்டு சுற்று, இறுகும் திசைக்கு இழுத்து முறுக்க வேண்டும். ஆனால் எந்தக் கம்பியால் கட்டுகிறார்கள்? கட்டடங்களில் முறுக்குக் கம்பி கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பியால். அதற்குப் பூச்சே கிடையாது. உப்புக்காற்றில் துருப்பிடித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வெகு சீக்கிரம் வந்துவிடும். கீழிருந்து பார்த்தால் கட்டு இருப்பது போலவே தெரியும். வெள்ளை நிற கேபிள் டை வெயிலில் நொறுங்கும், வெயில் தாங்கும் கறுப்பு டை கொஞ்சம் பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ் கம்பி இதைவிட நல்லது. எதுவானாலும் பாதுகாப்பு முழுவதும் ஷெக்கிளுக்கு வெளியே இருக்கிற ஒரு மெல்லிய கம்பியை நம்பி நிற்கிறது.

நட் போட்ட வகையில் போல்ட் சுழன்றாலும் கவலையில்லை, சுழலட்டும். நட் கழன்று வர முயன்றால் ஸ்பிலிட் பின்னில் முட்டி நிற்கும். பாரம் போல்டின் தண்டில்தான், நட்டில் இல்லை. அதனால் ஸ்பனரில் குழாய் மாட்டி முறுக்கத் தேவையில்லை. நட்டைக் கையால் ஓடவிட்டு, ஸ்பனரால் மெல்லப் பிடித்து, துளை தெரிகிறதா என்று பார்த்து, ஸ்பிலிட் பின்னைக் குத்தி, இரு கால்களையும் எதிரெதிராக மடித்தால் முடிந்தது. ஸ்பிலிட் பின் துளையை நிறைக்க வேண்டும், தளர்வாக ஆடக் கூடாது.

இதிலும் கோளாறு வரும், வரும் இடமும் அந்த ஸ்பிலிட் பின்தான். மெல்லியது என்பதால் முதலில் துருப்பிடிப்பது அதுதான். ஒருமுறை மடித்து நிமிர்த்தியதைத் திரும்பப் போட்டால் மடிப்பில் வெடித்து ஒரு கால் உதிரும். அதைவிட மோசம், பின் தொலைந்ததும் ஆணியையோ வெல்டிங் ரொட்டையோ சொருகி விடுவது. ஆனாலும் ஸ்பிலிட் பின் விழுந்த அன்றே எதுவும் அறுந்து விழாது. நட் முழுப் புரியையும் கடந்து வெளியேற வேண்டும், அதற்குள் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. நான் இந்த வகைக்குச் சாய்வதற்கு அந்த இடைவெளி ஒன்றே போதும்.

திருகு பின்னுக்கு உரிய இடத்தையும் சொல்ல வேண்டும். சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் புளொக்கில் காலையில் மாட்டி மாலையில் கழற்றுகிற வேலையில் நட் வகை பெரும் இடைஞ்சல். உடல், போல்ட், நட், ஸ்பிலிட் பின் என்று நாலு துண்டு, குறடு வேறு. உயரத்தில் நின்று ஒன்றைத் தவறவிட்டால் கீழே நிற்பவர் தலை. திருகு பின்னில் இரண்டே துண்டு. போடும்போது புரியைத் துடைத்து, தோள் காதில் முட்டும் வரை கையாலேயே திருக வேண்டும். கையால் ஓடவில்லை என்றால் புரி கெட்டிருக்கிறது, அல்லது பாரம் ஏறிக் காதுகள் விரிந்திருக்கின்றன. அதை ஒதுக்கிவிட வேண்டும், சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. அசையும் கயிறு எப்போதும் வளைவுப் பக்கம், அசையாத கொழுக்கியோ கண்ணோ பின் பக்கம்.

இரண்டு வகைக்கும் பொதுவான சில: பக்கவாட்டில் 45 பாகை இழுத்தால் தாங்கு திறனில் 30 சதவீதம் போய்விடும், 90 பாகையில் பாதிதான் மிஞ்சும். எந்த இடமாவது 10 சதவீதம் தேய்ந்தால் கழிக்க வேண்டும். 16 மில்லிமீற்றர் ஷெக்கிளில் அது 1.6 மில்லிமீற்றர். தேய்வு வளைவின் உட்பக்கத்தில் சங்கிலி மறைத்த இடத்தில் இருக்கும், சங்கிலியைத் தள்ளிப் பார்க்காமல் தெரியாது. உடலில் தாங்கு பாரமும் தயாரிப்பாளர் பெயரும் புடைத்து எழுதியிராத ஷெக்கிள் எவ்வளவு மினுங்கினாலும் ஊஞ்சலுக்குக்கூட வேண்டாம்.

உலோகத்தைப் பொறுத்தவரை, கல்வனைஸ் சங்கிலிக்குக் கல்வனைஸ் ஷெக்கிள். கடல்நீரில் ஸ்டெயின்லெஸைக் கலந்தால் சங்கிலியின் துத்தநாகப் பூச்சுத்தான் கரையும். பல்கனிக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் பார்வைக்கு நல்லது, ஆனால் அதன் நட் புரியோடு கடித்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுடையது. ஏற்றுமுன் கடிப்புத் தடுக்கும் கிறீஸ் பூச வேண்டும். ஸ்டெயின்லெஸில் என் பழக்கம் சிறிய அளவுகளோடு நிற்கிறது. படகு கட்டும் பெரிய அளவுகளுக்கு நான் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நட் வகையை வாங்கும்போது அதே அளவு ஸ்பிலிட் பின் பத்துப் பதினைந்து கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் அளவைக் கண்ணால் மதிப்பிடுவார். போல்டின் துளையில் ஒன்றைக் குத்திப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.