வேலை முடிந்த பிறகு எடுக்கிற கேமரா: ரிக்கோ ஜிஆர் 3

கல்யாண ஃபோட்டோகிராபர் வீட்டில்தான் படம் இருக்காது. இரண்டு ஃபுல் பிரேம் (பெரிய சென்சார்) கேமரா, ஒன்றில் தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ், இடுப்புப் பையில் பேட்டரியும் ஃபிளாஷும். விடிவதற்கு முன் கிளம்பி ராத்திரி வரைக்கும் இதையெல்லாம் சுமந்துவிட்டு வீடு திரும்புகிறவன், மகள் ஏதோ சேட்டை செய்கிறாள் என்பதற்காக மறுபடி பையைத் திறப்பானா? மாட்டான். மொபைல் இருக்கிறதே என்பீர்கள். மொபைலைக் கையில் எடுத்தால் "ஆல்பம் எப்போ சார் ரெடியாகும்?" என்ற மெசேஜ்தான் முதலில் கண்ணில் படும். அதற்குப் பதில் தட்டி முடிப்பதற்குள் சேட்டை முடிந்திருக்கும்.

அதனால் தொழிலுக்குத் துளியும் உதவாத ஒரு கேமரா வேண்டும் என்று தேடினேன். அப்படித்தான் ரிக்கோ ஜிஆர் 3 கைக்கு வந்தது. 2019இல் வெளியான மாடல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். இவ்வளவு சின்ன உடம்புக்குள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் பிரேமுக்கு ஒரு படி சின்னது, மொபைலில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது) இருக்கிறது என்பதுதான் விஷயம். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. 28 எம்எம் பார்வை, அதாவது அகலமாகக் காட்டுவது; லென்ஸின் துவாரம் அதிகபட்சம் எஃப் 2.8 வரை திறக்கும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்), அவ்வளவுதான். இந்த வரிசை 1996இல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கியது. ஜப்பானியத் தெருப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமாவின் கையில் பல வருடங்களாக இருந்தவை இந்த ஜிஆர்கள்தான். ஆனால் அவர் மாதிரி எடுக்கலாம் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம். அதற்கு அவர் மாதிரி நடக்கவும் வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமானது ஸ்னாப் ஃபோகஸ். மற்ற வசதிகள் இல்லாவிட்டாலும் இது ஒன்றுக்காகவே வைத்திருப்பேன். ஃபோகஸ் எத்தனை மீட்டரில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோ ஃபோகஸ். நிறுத்தாமல் ஒரேயடியாக முழுசாக அழுத்தினால், ஃபோகஸ் தேடும் வேலையே கிடையாது. சொல்லி வைத்த தூரத்தில் சட்டென்று எடுத்துவிடும். நான் எஃப் 8, 2 மீட்டர் என்று வைத்திருக்கிறேன். லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 18.3 எம்எம்தான் (28 என்பது ஃபுல் பிரேம் கேமராவுக்குச் சமமாகச் சொல்லும் கணக்கு) என்பதால், இந்த அளவில் சுமார் 1 மீட்டரில் தொடங்கி அறையின் எதிர்ச்சுவரைத் தாண்டியும் எல்லாம் தெளிவாக இருக்கும். வெயில் வெளிச்சத்தில் இதைவிட வேகமாகப் படமெடுக்க எனக்கு வேறு வழி தெரியாது.

மகள் ஷூ லேஸ் கட்டப் பழகிக்கொண்டிருந்த சமயம். வாசற்படியில் உட்கார்ந்து, நாக்கின் நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, இரண்டு விரலால் ஒரு வளையத்தைப் பிடித்திருப்பாள். இன்னொரு கை அடுத்த வளையத்தைக் கொண்டுவருவதற்குள் முதல் வளையம் நழுவும். பெரிய கேமராவைத் தூக்கினால் போதும், நாக்கு உள்ளே போய்விடும், பல் வெளியே வந்துவிடும். "அப்பா, எடு!" என்று போஸ் கொடுப்பாள். இந்தக் கேமரா பட்டனைத் தட்டினால் 0.8 விநாடியில் தயார். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற வகை. சத்தம் காதில் விழாத மாதிரிதான். நாக்கு வெளியே இருக்கும்போதே படம் விழுந்துவிட்டது.

28 எம்எம் பழக நாளாகும். மண்டபத்தில் தூரத்தில் நின்று 200 எம்எம்மில் முகத்தை மட்டும் பிடித்து இழுக்கிற கைக்கு, இது முதலில் எல்லாவற்றையும் தள்ளி வைத்த மாதிரி தெரியும். கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனாலும் பின்னாலிருக்கிற துணிக் கொடி, கவிழ்த்து வைத்த வாளி எல்லாம் ஃபிரேமுக்குள் வந்துவிடும். தொழிலில் இதையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி எடுத்தே பழக்கம். வீட்டுப் படத்தில் வாளி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவசியப்பட்டால் 35 எம்எம், 50 எம்எம் அளவுக்கு ஓரங்களை வெட்டி க்ராப் செய்யும் வசதி உண்டு. ஆனால் 50இல் வெறும் 7 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஆட்களின் முகம்தான் முக்கியம் என்றால் 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் மாடலைப் பாருங்கள், அது 40 எம்எம்.

அப்புறம் ஜேபெக், அதாவது கேமராவே நிறம் சேர்த்து முடித்துக் கொடுக்கும் படம். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுப் படங்களின் தோல் நிறத்தைச் சரிசெய்துவிட்டு, சொந்தப் படத்துக்காக மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எனக்கு மனசில்லை. இந்தக் கேமராவில் பதப்படுத்தாத மூலப் படமான ரா ஃபைலும் டிஎன்ஜி வடிவில் கிடைக்கும், தாராளமாக எடிட் செய்யலாம். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். பாசிட்டிவ் ஃபிலிம் என்றொரு நிற அமைப்பு இருக்கிறது. சாயங்கால வெயில் அதில் அழகாக வரும். வீட்டு டியூப்லைட்டுக்கு கறுப்பு வெள்ளைதான் சரி.

குறைகள்? நிறையவே. பேட்டரி கணக்குப்படியே 200 படம்தான் தாங்கும்; யுஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றலாம் என்பது ஆறுதல். வியூஃபைண்டர் கிடையாது, திரையும் மடங்காது, உச்சி வெயிலில் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். ஜிஆர் 2இல் இருந்த குட்டி ஃபிளாஷை இதில் தூக்கிவிட்டார்கள். இது எனக்கு இன்னும் புரியவில்லை, குடும்பப் படத்துக்கு அந்த ஃபிளாஷ் எவ்வளவு உதவும்! மங்கலான வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவும். 4கே வீடியோ இல்லை. இதை வைத்து ஒரு கல்யாணம் எடுக்க முடியுமா என்று தம்பி ஒருவன் கேட்டான். முடியாதுப்பா. அதனால்தான் இது நிம்மதியாக என் பாக்கெட்டில் கிடக்கிறது.

2025இல் ஜிஆர் 4 வந்துவிட்டது. கை நடுக்கத்தைச் சமாளிக்க ஜிஆர் 3இல் 3 அச்சு (3 வகை அசைவை ஈடுகட்டும்) என்றால் அதில் 5 அச்சு. படங்களைச் சேமிக்க உள்ளேயே 53 ஜிபி இடம். 3இல் இருப்பது வெறும் 2 ஜிபி. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே பார்க்கலாம். ஏற்கெனவே 3 வைத்திருப்பவர்கள் மாற அவசரமில்லை என்பது என் எண்ணம்.

பழையதாக 3 வாங்குவதானால் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். இதில் தூசி, ஈரம் புகாமல் காக்கும் அடைப்பு கிடையாது. பாக்கெட்டிலேயே வாழ்கிற கேமரா வேறு. எஃப் 16 வைத்து வெறும் வெள்ளைச் சுவர் ஒன்றை எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலையும் பாருங்கள். மங்கலாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் சர்வீஸில் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ஒத்துவராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.