1,850 வெள்ளிக்கு ஜேடு என்று பளிங்கு விற்றுவிட்டார்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,850 வெள்ளி போச்சு.

சீனத் தூரிகை எழுத்து வகுப்புக்கு மூன்று வருஷமாகப் போகிறேன். அந்தக் கால அறிஞர்கள் மேசையில் வைத்திருந்த ஜேடு (சீனர்கள் பெரிதாக மதிக்கும் விலையுயர்ந்த கல்) சாமான்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம்: தூரிகை கழுவும் கிண்ணம், மணிக்கட்டுத் தாங்கி, இப்படி. ஐந்து சிகர மலையாகச் செதுக்கிய தூரிகைத் தாங்கி ஒன்று, லைவில் விற்கும் ஒரு செயலியில் வந்தது.

விற்றவர் டார்ச் அடித்தார். வெளிச்சம் வெண்ணெய் மாதிரி உள்ளே பரவியது. "ஆட்டுக்கொழுப்பு ஜேடு அங்கிள், கோத்தான் ஆற்றுக் கல்" என்றார். சிஞ்சியாங்கின் கோத்தானில் கிடைக்கும் உயர்ந்த ரக வெள்ளை ஜேடு என்று அர்த்தம். 1759இல் சிஞ்சியாங், சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் கைக்கு வந்தபிறகுதான் அரண்மனைப் பட்டறைக்குக் கல் தாராளமாக வந்தது என்றும் சொன்னார். நானும் படித்ததுதான், உண்மை. அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் பொய்யா சொல்வார்? கத்தியால் கீறியும் காட்டினார், கோடு விழவில்லை. (வீடியோவை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது கத்தியின் முதுகு!)

பார்சல் வந்ததும் 'கிடைத்தது' பொத்தானை அழுத்தச் சொல்லி மூன்று மெசேஜ். அழுத்தினேன். பணம் அவரிடம் போய்விட்டது.

அப்புறம்தான் சமையல் தராசில் வைத்தேன். 412 கிராம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, கல்லை நூலில் கட்டி மூழ்கவிட்டேன், 152 கிராம் கூடியது, கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 412ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 2.71. நெஃப்ரைட் ஜேடு (கோத்தான் கல் இந்தக் கனிமம்தான்) என்றால் 2.9க்கு மேல் வரவேண்டும். 2.71 கால்சைட், அதாவது பளிங்கு. மனசு கேட்காமல் அடியில், சிங் பேரரசர் சியான்லோங் (1736–1795) காலம் என்று பொறித்த நான்கெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். பொடிப்பொடியாகக் குமிழ். துடைத்தால் விரல்நுனி அளவுக்குப் பளபளப்பு போய் வெளுத்திருந்தது.

"இயற்கைக் கல் அங்கிள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி" என்றார் விற்றவர். விடாமல் கேட்டதும், "ஆப்கான் ஜேடும் ஜேடுதானே?" சீனச் சந்தையில் வெள்ளைக் கால்சைட்டுக்கு வைத்த பட்டப்பெயர் அது. ஆக, தெரிந்தேதான் விற்றிருக்கிறார். செயலிக்காரர்களிடம் நான்கு முறை எழுதினேன். மூன்று முறை, "பெற்றதை நீங்களே உறுதிசெய்துவிட்டீர்கள்." நான்காவது முறை, "பொருளை அமிலம் விட்டுச் சேதப்படுத்தியிருக்கிறீர்கள்." என் எலுமிச்சை எனக்கே வினையாகிவிட்டது.

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. நிறுத்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். கல்லோடு வரும் சான்று அட்டையில் 'இயற்கை ஜேடு' என்றிருந்தால் போதாது, நெஃப்ரைட் என்று இருக்கவேண்டும். அடியில் உள்ள ராஜமுத்திரையை எவனும் வெட்டலாம். எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.

1,850 வெள்ளி. இன்று ராத்திரி எட்டு மணிக்கு அவருக்கு லைவ் இருக்கிறதாம், எனக்கே அறிவிப்பு வந்திருக்கிறது.