ஹெடர் மாட்டிய எம்ஜிபிக்கு ஏற்ற ஏர் ஃபில்டர் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மூன்று கிளை எஃகுக் குழாயான ஹெடரைப் பொருத்திய பின், அதற்கு இணையாகக் காற்று புகும் பக்கத்தையும் சீரமைக்க வாங்கிய தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. எண்ணெய் தோய்த்த பருத்தி வலையாலான இரண்டு வட்ட ஃபில்டர்களும், கார்பரேட்டர் வாயில் அமரும் இரண்டு அலுமினிய ஸ்டப் ஸ்டாக்குகளும் அதில் அடங்கும்.

ஸ்டப் ஸ்டாக்குகளே இத்தொகுப்பின் சிறந்த பகுதி. காற்று கூர்மையான விளிம்பில் மோதிச் சிதறாமல், வளைந்த உதட்டின் வழியே சீராக உள்ளே நுழைவதால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் தயங்காமல் வேகமெடுக்கிறது. ஃபில்டர்களின் தரமும் நன்று. கழுவி, உலர்த்தி, அளவாக எண்ணெயிட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.

ஆனால் வெப்பத்தைப் பற்றி இத்தொகுப்பு சிந்திக்கவே இல்லை. எம்ஜிபியின் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கத்தில்தான். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பம் என்பதால், அதன் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது நன்கு பழகிய அமைப்பு. இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டர்களும் ஹெடருக்கு நேர் மேலே அமர்ந்திருக்க, தடித்த வார்ப்பிரும்பைக் காட்டிலும் மெல்லிய எஃகுக் குழாய் தன் வெப்பத்தை விரைவாக வெளியே விடுகிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி உயர்ந்தாலே அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துவிடும் என்பதால், சூடான காற்றைக் குடிக்கும் திறந்த ஃபில்டர், ஹெடர் தந்த பலனில் ஒரு பகுதியைத் திரும்பப் பறித்துவிடுகிறது. ஆகவே கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள பழைய வெப்பத் தடுப்புத் தகட்டைத் தூக்கி எறியாமல் மீண்டும் மாட்டுவதும், ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து ஒரு குழாய் வழியே குளிர்ந்த காற்றைக் கொண்டுவருவதும், இந்த ஃபில்டர்களை வாங்குவதைவிட முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து.

ஹெடரைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஃபிளாஞ்சின், அதாவது எஞ்சினோடு இறுக்கப்படும் விளிம்புத் தகட்டின், தடிமன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் ஃபிளாஞ்சுகளையும் ஒரே பெரிய வாஷர்தான் சேர்த்து அழுத்துகிறது. நான் வாங்கிய ஹெடரின் ஃபிளாஞ்ச் மெல்லியதாக இருந்ததால் வாஷர் சாய்ந்து, கேஸ்கெட் ஓரமாகக் காற்று கசிந்தது. லேத் பட்டறையில் படி வைத்துக் கடைந்த வாஷர்களைப் போட்ட பிறகே ஐடிலிங் நிலைப்பட்டது.

கசிவு நின்ற பிறகுதான் காற்று-பெட்ரோல் கலவையைத் தொட வேண்டும். கார்பரேட்டர் பிஸ்டனை அடியிலுள்ள சிறு தூக்கு முளையால் (லிஃப்டிங் பின்) ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணைந்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடி உடனே இறங்கினால் சரி. கார்பரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டைத் திருகி ஐடிலிங்கைச் சீராக்கலாமே தவிர, அதிக வேகத்தில் வரும் பெட்ரோல் பற்றாக்குறையை அது தீர்க்காது. அதற்கு, ஜெட்டில் இறங்கிப் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கூம்பு ஊசியான நீடிலையே மாற்ற வேண்டும். அதையும் இத்தொகுப்பில் சேர்க்கவில்லை. ஹெடருடன் பயன்படுத்துவதற்கென்றே விற்கப்படும் பொருளில் இது பெரிய குறை. எனவே நீடிலுக்கும் குளிர்காற்றுக் குழாய்க்கும் தனியே பணம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன்.