இடது பக்கம் ஊமையாகும் செட்டு: மலேசியா ஆம்ப்ளிஃபையருடன் ஒன்பது வருஷம்

வாலாஜாவில் இருக்கும் மச்சான் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, உங்க செட்டு மாதிரியே ஒண்ணு விலை இறங்கிக்கீது. ஆனா பின்னாடி மேட் இன் மலேசியான்னு போட்டிருக்கான். ஜப்பான்ல செஞ்சதாப் பாத்து வாங்கட்டுமா?" என்றான். என் செட்டு ரிப்பேர் முடிந்து காட்பாடி வீட்டுக்கு வந்து அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் செட்டு என்னைப் படுத்திய பாடு ஒன்றே ஒன்று. ஐந்தாம் வருஷம் ஆரம்பித்தது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கச்சேரி கேட்பேன். திடீரென்று இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். சத்தத்தை ஏற்றினால் சட்டென்று திரும்பி வரும். இறக்கினால் பத்து நிமிஷத்தில் மறுபடி போய்விடும். வயரை மாற்றினேன். ஸ்பீக்கர்களை இடம் வலம் மாற்றினேன். அப்போதும் இடது பக்கம்தான் போனது. பகலில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தமாக வைத்துக் காட்டினால் ஒழுங்காகப் பாடும். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும், 11,000 ரூபாய் என்றார்கள். போர்டில் எது கெட்டது என்று கேட்டால் பதில் இல்லை. திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

கடைசியில் வேலூர் லாங் பஜார் பக்கம் ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். மூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா சார், ரிலே கருத்துப் போயிருக்கு. இதுக்கா இவ்ளோ நாள் அலைஞ்சீங்க?" என்றார்.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் சில வினாடி கழித்து உள்ளே 'டக்' என்று கேட்குமே, அதுதான் ரிலே. உள்ளே மின்சாரம் நிலைப்படும் வரை ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரோடு சேர்க்காமல் பிடித்து வைத்திருக்கும்; ஸ்பீக்கரில் அதிர்ச்சி இறங்காமல் காப்பது அதன் வேலை. அதன் தொடுமுனைகளில் கரி மாதிரி ஒரு படலம் படிந்துவிட்டால், குறைந்த சத்தத்தில் போகும் சிறு மின்னோட்டம் அதைத் தாண்டாது. சத்தத்தை ஏற்றினால் தாண்டிவிடும். நாலு வருஷப் புதிர் இவ்வளவுதான். புது ரிலே சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது, 180 ரூபாய். கூலி 400.

பழைய ரிலேயைக் கையில் கொடுத்தார். அதன் முதுகில் பொடி எழுத்தில் மேட் இன் ஜப்பான் என்று இருந்தது. மலேசியாவில் பூட்டிய செட்டில் கெட்டுப்போனது ஜப்பான் சாமான்.

அதற்காக ஜப்பானைக் குறை சொல்ல மாட்டேன். தொடுமுனை உள்ள எதுவும் ஒருநாள் கருக்கும். ஜப்பான் செட்டு என்றால் எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. பெரியப்பா சவுதியிலிருந்து 1984-இல் கொண்டுவந்த கேசட் டெக் இருபத்தைந்து வருஷம் பாடியது. ஆனால் அதற்கு நாலு முறை பெல்ட் மாற்றியதையும், மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர் வீங்கி ஒருமுறை திறந்ததையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதே காலத்தில் வந்து காயலான் கடைக்குப் போன ஜப்பான் செட்டுகளைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

ஜப்பான் கம்பெனிகள் வெளியே போனதற்குக் காரணம் பணக் கணக்கு. 1985-இல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு யென்னின் மதிப்பு இரண்டு மூன்று வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஜப்பானில் செய்து விற்றால் கட்டாது என்று மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆலை வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1978-இல் வந்த நாட் 3020 என்ற சின்ன ஆம்ப்ளிஃபையரை உலகமே கொண்டாடியது. கம்பெனி லண்டன், செய்தது தைவான். யார்க்ஷயரில் 1932-இல் தொடங்கிய வார்ஃப்டேல் இன்று சீனாவில் ஸ்பீக்கர் செய்கிறது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்ற ஸ்பீக்கர் கம்பெனி விலை கூடிய 800 வரிசையை இங்கிலாந்தில் செய்கிறது, விலை குறைந்த 600 வரிசையைச் சீனாவில் செய்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் விலையில் இருக்கிறது. எந்த விலைக்குள் செய்து முடி என்று கம்பெனி சொல்கிறதோ, அந்த விலைக்குத்தான் ஆலை செய்து தரும்.

எங்கே செய்தது என்பதைவிட நம் ஊரில் எங்கே வைக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுற்றிலும் பாறை மலை. மே மாதம் 40 டிகிரி தாண்டும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால் எந்த நாட்டுச் செட்டும் சீக்கிரம் வெந்துபோகும். என்னுடையது திறந்த மேசையில் இருக்கிறது. கெப்பாசிட்டர்கள் இன்றும் புதிது மாதிரி இருப்பதாக மெக்கானிக் சொன்னார்.

மச்சானுக்கு இன்னொன்று. ஜப்பானில் ஜப்பான்காரர்களுக்காகவே விற்ற பழைய செட்டு 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230-இல் நேரே சொருகினால் அன்றைக்கே போய்விடும்.

செட்டு எப்படி என்று கேட்டால், இந்த விலையில் இதைவிட நல்லதை நான் கேட்டதில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது முகத்தின் கனத்த ஒலி, நெஞ்சுக்குள் வந்து விழுகிறது. வலது முகமான வலந்தலையின் நாணல் ஒலி சுருதியோடு கணீரென்று தனியாக நிற்கிறது. நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் மெல்ல வைத்துக் கேட்டேன், இடது பக்கம் ஒரு தடவைகூட விட்டுப் போகவில்லை.

இருந்தும் வாங்காதே என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். மலேசியா என்பதற்காக இல்லை. 180 ரூபாய் சாமானுக்கு 11,000 கேட்டவர்களிடம் என் வீட்டிலிருந்து இன்னொரு ஆளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.